தைலம் பட்ட கெண்டைக்கால்

பவளம்மா கேஸ் சிலிண்டரை ஒரே மூச்சில் தூக்கினாள். அவ்வளவுதான்! முதுகெலும்பின் இடுக்கிலிருந்து புறப்பட்டுக் காலுக்குப் போகும் நரம்பு, இடுப்பில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது.

“ஐயா, நசுங்குறேன்! காப்பாத்துங்க!” என்று மூளையைப் பார்த்து அலறியது.

அந்த நரம்பில் எங்கிருந்து சத்தம் வந்தாலும், கால்தான் கத்துகிறது என்று நினைப்பது மூளையின் பழக்கம். “கெண்டைக்காலுக்கு வலியாம்! உடனே தைலம் தேய்!” என்று உத்தரவு பறந்தது.

பவளம்மா குனிந்து தேய்க்கத் தேய்க்க, நரம்பு இன்னும் நசுங்கியது.

“எனக்கு ஒண்ணுமில்லைண்ணே, சும்மா சொகமா இருக்கு,” என்றது கெண்டைக்கால் கூச்சத்துடன்.

“அடப்பாவி, எனக்கு உயிர் போகுது! அவளை எப்படியாவது படுக்க வைடா!” என்று கத்தியது நரம்பு.

கெண்டைக்கால் யோசிக்கவே இல்லை. வெடுக்கென்று சுருட்டி இழுத்துக்கொண்டது. “அம்மாடி!” என்று பவளம்மா தரையிலேயே மல்லாந்தாள். எலும்புகள் விலகின. அப்பாடா! நரம்புக்கு மூச்சு வந்தது. அது கால் கட்டைவிரல் வரைக்கும் துள்ளியது.

அதற்குள் மேலே மூளை எல்லோருக்கும் பெருமையாக அறிவித்துக்கொண்டிருந்தது.

“பாத்தீங்களா, நான் சொன்ன தைலம் எப்படிக் கேட்டுது! நாளைக்கு விடிஞ்சதும் இன்னொரு தரம் நல்லாக் குனிஞ்சு தேய்க்கணும்!”