இறங்கிப்போன பேட்டரி

"தம்பி இருக்காராம்மா? வண்டி கிளம்ப மாட்டேங்குது."

வாசலில் எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியார். கையில் பேட்டரி வயர்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இடுப்பில் குழந்தை, அடுப்பில் பால், வாசலில் இவர்.

"மறுபடியும் லைட்டை அணைக்க மறந்துட்டீங்களா சார்?"

"மறந்துட்டேம்மா. பழைய வண்டி. லைட் எரியுதுன்னு ஒரு சத்தம்கூடக் கொடுக்காது."

"வண்டி கொடுக்கலைன்னா என்ன, வீட்ல அக்கா சத்தம் கொடுக்க மாட்டாங்களா?"

வாத்தியார் சிரித்தார். ஆனால் இடத்தைவிட்டு நகரவில்லை.

உள்ளே அவள் கணவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். வேலை பார்த்த அச்சகத்தை மூடியதிலிருந்து இப்படித்தான். குளியல் கிடையாது, சவரம் கிடையாது, போன் அடித்தால் எடுப்பது கிடையாது. யாராவது ஆறுதல் சொல்ல வந்தால் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொள்வான். மனுஷன் இப்படியே முடங்கிப் போய்விடுவானோ என்று அவள் பயந்தாள்.

"என்னங்க, வாத்தியார் வந்திருக்கார்."

"இல்லைன்னு சொல்லு."

"நீங்க இப்போ பேசினது அவருக்கும் கேட்டிருக்கும். ஸ்கூலுக்கு நேரமாச்சாம், எழுந்திருங்க."

முனகிக்கொண்டே எழுந்தான். கலைந்த தலையோடு ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு கீழே போனான்.

கொட்டகையில் இரண்டு வீட்டுக் காரும் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கும். இவர்கள் பேட்டரியிலிருந்து வயர் மாட்டித்தான் அவர் வண்டியைக் கிளப்ப வேண்டும். அவர்கள் பேசுவது மாடிவரைக்கும் கேட்டது.

"சிவப்புக்குச் சிவப்பு. சரி. கறுப்பை எங்க சார் கொண்டு போறீங்க?"

"பேட்டரிலதானே தம்பி?"

"நேத்துதானே சொன்னேன்! என் வண்டில பேட்டரிக்கு. உங்க வண்டில எஞ்சின் பக்கம், பெயின்ட் இல்லாத இரும்பா பார்த்து மாட்டணும். பேட்டரிகிட்ட தீப்பொறி பறந்தா ஆபத்து சார்."

"மறந்து மறந்து போகுது தம்பி."

"பசங்க மறந்தா மட்டும் பெஞ்சு மேல ஏத்துவீங்க!"

வண்டி உறுமியது. வாத்தியார் கையை ஆட்டிவிட்டுப் போயே போய்விட்டார்.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார்.

"லைட் மட்டும் காரணமா இருக்காது. வேற ஏதோ கோளாறு இருக்கு" என்று கணவன் அவளுடைய சமையல் சோடாவை எடுத்து வெந்நீரில் கரைத்தான். பேட்டரி முனையில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைப் பழைய பல் பிரஷால் தேய்த்துக் கழுவினான். இன்னொரு நாள் எஞ்சின் பெல்ட்டை அழுத்திப் பார்த்தான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. விடிந்தால் வண்டி மட்டும் செத்துக் கிடந்தது.

அவளுக்குப் பொறுக்கவில்லை. 'சோடா போனால் போகிறது. நொந்து கிடக்கிற மனுஷனைத் தினமும் எழுப்பி வேலை வாங்குகிறாரே, இது நியாயமா? ஒரு புது பேட்டரி வாங்க மனசு வரவில்லையே! இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிட வேண்டியதுதான்.'

சாயங்காலம் குப்பைக்கூடையோடு கீழே இறங்கினாள். நல்ல நேரம்தான். வாத்தியார் அப்போதுதான் காரைக் கொட்டகைக்குள் விட்டு, வண்டிக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். முன்னால் இருந்த சுவரில் பளிச்சென்று வெளிச்சம்.

"சார், லைட் எரியுது!"

"மெதுவாப் பேசும்மா. தெரியும்."

"தெரியுமா?"

வாத்தியார் திருடிவிட்டு மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி விழித்தார்.

"வேலை போனதும் தம்பிக்கு நாலு வார்த்தை ஆறுதல் சொல்லலாம்னு வந்தேன். முகத்தைத் திருப்பிக்கிட்டார். சரிதான், அடிபட்ட மனுஷனுக்கு நம்ம புத்திமதி எதுக்குன்னு திரும்பிட்டேன். அப்புறம் ஒருநாள் நிஜமாவே லைட்டை மறந்துட்டேன். உதவி பண்ணுங்க தம்பின்னு கேட்டேன் பாரு, எழுந்து வந்துட்டார். என்னைத் திட்டக்கூடத் திட்டினார்! அன்னைலேருந்து..."

"அன்னைலேருந்து?"

"நானாத்தான் போட்டுட்டுப் போறேன்."

அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. இன்று காலை கணவன் யாரும் எழுப்பாமலே எழுந்து, முகத்தை மழித்து, சட்டை மாட்டிக்கொண்டு நின்றான். எங்கே போகிறீர்கள் என்று கேட்டதற்கு, 'வாத்தியார் வந்துடுவாரே' என்றான். குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற அவசரத்தில் அதை அவள் காதில் வாங்கவே இல்லை.

"தினமும் இப்படி இறக்கினா பேட்டரி கெட்டுப் போயிடும் சார்" என்றாள்.

"கெட்டா கெட்டுப் போகட்டும்மா. பேட்டரி கடைல கிடைக்கும்."

மேலே ஜன்னல் கதவு படாரென்று திறந்தது. அங்கிருந்து பார்த்தால் கொட்டகையின் கூரைதான் தெரியும்.

"ஏம்மா, கீழதானே இருக்கே?" கணவனின் குரல். எத்தனையோ நாளைக்குப் பிறகு தெருவுக்கே கேட்கிற மாதிரி. "அந்த வாத்தியார் இன்னைக்காவது லைட்டை அணைச்சாரான்னு பாரு!"

அவள் சுவரில் எரிந்த வெளிச்சத்தைப் பார்த்தாள். கையைப் பிசைந்துகொண்டு நின்ற வாத்தியாரைப் பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேலே நிமிர்ந்து கத்தினாள்.

"அணைச்சுட்டாருங்க!"