ஏழாவது குழி

பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி.யில் இருந்த விளையாட்டு அது. அலுவலகத்து மதிய இடைவேளைகளில் அதில் வரும் தொப்பைக்காரப் பொம்மையை ஒரே கீபோர்டில் தணிகாசலம் ஓட்டுவார், சூசைராஜ் தாவவைப்பார். இருவரும் ரிட்டயர் ஆகும்வரை அந்தத் தொப்பைக்காரன் ஏழாவது குழியைத் தாண்டவில்லை.

நேற்று தணிகாசலம் தனியாக முயன்றார். எத்தனை முறை தட்டியும் தொப்பைக்காரன் தாவாமல், குழியருகே உட்கார்ந்து அறை வாசலையே பார்த்தான். சூசைராஜுக்குப் போன் போட்டார்.

"நீ இல்லாம தாவமாட்டேங்கிறான்யா."

"உன்ன மாதிரியே வளத்து வச்சிருக்க. சரி, ஓடவிடு!"

இருநூறு மைலுக்கு அப்பால் சூசைராஜ் சாப்பாட்டு மேஜையைத் தட்டிய சத்தம் கேட்டது. தொப்பைக்காரன் எம்பினான். பாதிக் குழியில் லைன் அறுந்தது.

இன்னும் அந்தரத்தில்தான் நிற்கிறான். "இருடா, கூப்பிடுறேன்" என்று தணிகாசலம் போனை அழுத்திக்கொண்டே இருக்கிறார்.