சிடாம் கிரியில் பேய் இல்லை

மூன்றாவது முறையாக அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் பிச்சையம்மாளுக்கு எல்லாம் மறந்துபோயிற்று.

ஐம்பது கேள்விகள், ஐம்பது பதில்கள். மகள் ரூபினி மலாய்ச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்து, ஒரு மாதமாகச் சோறு பொங்கும்போதும் துணி காயப்போடும்போதும் ஒப்பிக்க வைத்திருந்தாள். நாட்டுக் கொடியில் எத்தனை கோடு என்பதிலிருந்து ஆரம்பம். காலையில் பஸ்ஸில்கூடத் தடங்கல் இல்லாமல் வந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம், முக்காடு அணிந்த இளம் அதிகாரி கோப்பைத் திறந்தாளோ இல்லையோ, அத்தனையும் பறந்துபோயிற்று.

பிச்சையம்மாள் கரங்கானில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பிறப்பைப் பதிய வேண்டும் என்று அவள் அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் ஒரு நாள் வேலையைக் கெடுத்துக்கொண்டு மனுஷன் போயிருக்க மாட்டார். அந்தப் புண்ணியத்தில், அறுபத்திரண்டு வயதிலும் அவள் கையில் சிவப்பு அடையாள அட்டைதான். பிறந்த மண்ணிலேயே விருந்தாளி. தேர்தல் அன்று ஊரே விரலில் மையோடு திரும்பி வரும்போது, அவள் வீட்டில் குழம்பு கிண்டிக்கொண்டிருப்பாள்.

குடியுரிமைக்கான நீல அட்டை வேண்டுமென்றால் மலாயில் பேசிக் காட்ட வேண்டும்.

முதல் தடவை ஊமை மாதிரி உட்கார்ந்துவிட்டு வந்தாள். இரண்டாம் தடவை அழுதுவிட்டு வந்தாள். இதுவும் போனால் இனி இந்தப் படி ஏற மாட்டேன் என்று ரூபினியிடம் கறாராகச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தாள்.

மீன் வாங்குகிற மலாய் வேறு, ஆபீஸ் மலாய் வேறு என்பது அவள் எண்ணம். இது ஆபீஸ்.

அதிகாரி ஏதோ கேட்டாள். பிச்சையம்மாள் மேசையைப் பார்த்தாள். இன்னொன்று கேட்டாள். பிச்சையம்மாள் மேசையையே பார்த்தாள்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கோப்பில் இருந்த முகவரியைப் படித்தாள். அத்தை என்பதுபோல் மாக்சிக் என்று கூப்பிட்டாள்.

"சிடாம் கிரியா, மாக்சிக்? அங்க ரப்பர் காட்டுல பேய் இருக்காமே. மரத்துக்கு மேல விளக்கு போகுமாம். எங்க சின்னம்மா சொல்வாங்க."

பிச்சையம்மாள் தலை நிமிர்ந்தாள்.

அவள் எதை வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்வாள். இந்தக் கதையை யாராவது தப்பாகச் சொன்னால் மட்டும் பொறுக்க மாட்டாள்.

"பேயும் இல்ல, பிசாசும் இல்ல! அது காக் சோம் வீட்டுக் குரங்கு!"

காக் சோம், தோட்டத்து முனையில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு விற்ற மலாய்க்கார அக்கா. தேங்காய் பறிக்க அவள் புருஷன் ஒரு குரங்கு வளர்த்தார். ஒருநாள் இருட்டு விலகாத நேரம். ரப்பர் மரம் சீவப் போன பிச்சையம்மாள் கத்தியைத் தீட்டுவதற்காக நெற்றி விளக்கைக் கழற்றிக் கீழே வைத்தாள். திரும்பிப் பார்த்தால் விளக்கு இல்லை. கயிற்றை அறுத்துக்கொண்டு வந்த குரங்கு, அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் தாவிக்கொண்டிருந்தது.

தோட்டமே அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடியது. தாயத்து இருக்கும்வரை தன்னை எந்தப் பேயும் நெருங்காது என்று முந்தின நாள்வரை பீற்றிக்கொண்டிருந்த மேற்பார்வை மண்டோர், மோட்டார் சைக்கிளில் ஏறி முறுக்கினார், முறுக்கினார், வண்டி நகரவே இல்லை. ஸ்டாண்டை எடுக்க மறந்திருந்தார். பின் சக்கரம் காற்றில் சுற்ற, பேய் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டது என்று அவர் போட்ட கூச்சலில்தான் குரங்கே பயந்து விளக்கைப் போட்டுவிட்டு இறங்கியது.

தினமும் ரப்பர் பால் எடுத்து முடித்துப் பத்து மணிக்குக் காக் சோம் கடையில் உட்கார்ந்தால் கதைதான். புது ஆள் ஒருவர் கிடைத்தால் போதும், இருவரும் இதை எடுத்துவிடுவார்கள். குரங்கு வேஷம் காக் சோமுக்கு, மண்டோர் வேஷம் பிச்சையம்மாளுக்கு. காக் சோம் மகனோடு அலோர் ஸ்டாருக்குப் போய் இரண்டு வருடமாகிறது. அதன்பிறகு பிச்சையம்மாள் யாரிடமும் கதை சொல்லவில்லை.

இன்று இரண்டு வேஷத்தையும் அவளே கட்டினாள். எழுந்து நின்று மோட்டார் சைக்கிளை முறுக்கினாள். பக்கத்து அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். அதிகாரி முக்காட்டின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கதை முடிந்தபிறகுதான் பிச்சையம்மாள் கடிகாரத்தைப் பார்த்தாள். அரை மணி நேரம் ஓடிப்போயிருந்தது.

வெட்கம் பிடுங்கித் தின்றது. பரீட்சைக்கு வந்த இடத்தில் குரங்கு வித்தை காட்டிவிட்டோமே என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். வெளியே காத்திருக்கும் ரூபினிக்கு என்ன பதில் சொல்வது?

"மன்னிச்சிடுங்க. பரீட்சைய ஆரம்பிங்க. கொடியில இருந்து கேளுங்க."

அதிகாரி தாளில் ஏதோ எழுதி, முத்திரை குத்தி, கோப்பை மூடினாள்.

"முடிஞ்சிருச்சு லா, மாக்சிக். பாஸ். மத்தது கடிதத்துல வரும்."

பிச்சையம்மாளுக்கு விளங்கவில்லை. இந்தப் பெண் தன்னைக் கேலி செய்கிறாளோ என்றுகூடத் தோன்றியது.

"நான் எங்க மலாய் பேசுனேன்? வெறும் கதைதானே சொன்னேன்."

"எனக்குத் தமிழ் ஒரு வார்த்தகூடத் தெரியாதே, மாக்சிக்."

 பிச்சையம்மாளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "அப்பாடா" என்று நாற்காலியில் சாய்ந்தாள்.

அந்த அறைக்குள் அவள் பேசிய ஒரே தமிழ்ச் சொல் அதுதான்.