வந்துடுடி கண்ணு

நேற்று அழித்த அழுகுரல் இன்று பாட்டுக்குள் மறுபடியும் இருந்தது.

ஆன்றோ ஹெட்போனைக் கழற்றி மேசையில் போட்டான். முதுகெல்லாம் வியர்த்துவிட்டது. தண்டையார்பேட்டை குடோன் மாடியில் ஸ்டுடியோ போட்டு இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கூத்தை அவன் பார்த்ததே இல்லை.

“நான் அழிச்சேன்லா? நீங்க மூணு பேரும் பாத்துக்கிட்டுதான நின்னீங்க?”

ரேகாவும் சாபிராவும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். நர்மதா மட்டும் கம்ப்யூட்டர் திரையையே பார்த்தாள்.

இந்தப் பாட்டுக்காகவே சேர்ந்த மூன்று பெண்கள். முதல் பாட்டு, சாவு மேளத்தோடு தொடங்கும். டீசர் விட்டதுமே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஷேர் ஆட்டோக்களில் எல்லாம் அதுதான். சும்மா சொல்லக்கூடாது, உட்கார்ந்திருப்பவனையும் எழுப்பி ஆடவைக்கும் அடி. முழுப் பாட்டு இன்று சாயங்காலம் வெளியாக வேண்டும்.

மேளத்தைப் போனில் பிடித்து வந்தவள் நர்மதா. எண்ணூர் பக்கம் மீனவர் குப்பத்தில், அவள் தெருவில் நடந்த சாவு. நடுவில் ஒரு பெண் அடித்தொண்டையில் கதறுவாள்: “வந்துடுடி கண்ணு... வூட்டுக்கு வந்துடுடி!”

“எனக்கு பேஜாரா கீதுண்ணா. அத தூக்கிடு,” என்றாள் சாபிரா.

ஆன்றோ நர்மதாவிடம் திரும்பினான். “சத்தம் தூரமா கேக்கே. நீ கிட்டப் போகலியா?”

“தெரு முனையிலயே நின்னுகினு இருந்தேண்ணா. உள்ள போவ முடியல.”

“அப்ப பொணத்தப் பாக்கல?”

“பொணமே இல்லண்ணா. போட்டோவ வச்சி மால போட்டாங்க.”

ஆன்றோவுக்குப் புரிந்துவிட்டது. கடலோடு போனவள். உடல் கூடக் கிடைக்காத மகளைத் தாய் கூப்பிடுகிறாள்; கூப்பிட்ட குரலுக்கு அவள் ஆவியாக இங்கே வந்து நிற்கிறாள். பயத்தில் சிலுவை போட்டுக்கொண்டான்.

“வேண்டாம்மா. மேளம் மட்டும் போதும்,” என்று மவுசைப் பிடித்தான்.

நர்மதா பாய்ந்து அவன் கையைப் பற்றினாள். “அழிக்காதண்ணா! காலைல நீ டீ குடிக்கப் போனப்ப நான்தான் திருப்பி வச்சேன். அது எங்கம்மா குரலு. அத கேக்குறப்பதான் எனக்கும் ஒரு வூடு கீதுன்னு தோணுது.”

ஆன்றோ மவுசை விட்டான். “அய்யோ, இத முன்னாலயே சொல்லப்படாதா? செத்தது யாரு, உன் அக்காவா, தங்கச்சியா?”

“நான்தாண்ணா. பாடப் போறேன்னு வூட்ட வுட்டு வந்த மறுநாளே எங்க நைனா எனக்குக் காரியம் பண்ணிட்டாரு.”