எர்லானின் பழைய டேப்லெட்

"இந்த டேப்லெட் மேலே ஒட்டியிருக்கிற நல்ல கண்ணாடியை உரிச்சு எடு தம்பி. அதோ, உன் குப்பைக் கூடையில விரிசல் விட்டது ஒண்ணு கிடக்குதே, அதை ஒட்டு" என்றாள் ஜிபாரா.

சமாத் அவளை ஏற இறங்கப் பார்த்தான். நாரின் சந்தையில் போன், டேப்லெட் பழுது பார்க்கிறவன் அவன். அவனுக்குப் பக்கத்துக் கடையில் சேணம், கடிவாளம் விற்கிறவன் நான்.

"அக்கா, எல்லாரும் விரிசலை எடுக்கத்தான் என்கிட்ட வருவாங்க."

"நான் வைக்க வந்திருக்கேன். யாருக்குக் கொடுக்கப் போறேன்? என் நாத்தனார் மகளுக்குத்தானே? அவங்களுக்கு இதுதான் சரி."

எனக்குச் சுருக்கென்றது.

நாத்தனார் ஜூராவின் மகள் பெகிமாய்க்கு ஐந்து வயசு. அப்பன் இல்லாத பிள்ளை. போன வாரம் குதிரையிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து, இடுப்புவரை மாவுக்கட்டோடு கிடக்கிறது. இன்னும் இரண்டு மாதம் கூரையைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்க வேண்டும். அந்தப் பிள்ளைக்குக் கொடுக்கிற பழைய சாமானிலுமா வஞ்சம்?

சமாத் விரிசல் கண்ணாடியை ஒட்டிவிட்டு, குழந்தைக்கு ஏற்றபடி ஒவ்வொன்றாக அமைத்தான். வயசு ஐந்து என்று போட்டான். பொம்மைப் படங்களை ஏற்றினான். எழுத்துப் பழக ஒன்று, வண்ணம் தீட்ட ஒன்று. மற்றதற்கெல்லாம் பூட்டு.

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஓடணும்?"

"ரெண்டு மணி நேரம். அப்புறம் தானா நின்னுடணும். பிள்ளைக்குக் கண்ணு கெட்டுடும்."

"அடடா, கண்ணு மேல மட்டும் என்ன கரிசனம்!" என்றேன் நான், காற்றைப் பார்த்து.



"உங்க பையன் எர்லான் படமா நிறைய இருக்கே. அழிச்சிடவா?" என்று கேட்டான் சமாத்.

"தொடாதே! அது யாரோடதுன்னு அவங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

சொன்னதோடு நிற்கவில்லை. புத்தம் புதுச் சார்ஜரைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, டேப் சுற்றிய ஒரு கிழட்டுச் சார்ஜரைக் கேட்டு வாங்கினாள். பிறகு தடித்த நீலப் பேனா ஒன்றை எடுத்து, டேப்லெட்டின் முதுகில் 'எர்லான்' என்று கொட்டை எழுத்தில் எழுதினாள்.

என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஏம்மா, உங்க வீட்டு ஆட்டுக்கெல்லாம் வால்ல அத்தனை கொழுப்பு இருக்கே, உன் மனசு மட்டும் ஏன் இப்படி இளைச்சுப் போச்சு?"

"பெரியவரே, நீங்க ஓநாய்க்குச் சேணம் கட்டி மலை ஏறின கதை இருக்கே, அதை யாருக்காவது சொல்லிக்கிட்டிருங்க. என் கதை உங்களுக்கு எதுக்கு?"

அந்த நேரம் பார்த்து, ரொட்டி வாங்க வந்த ஜூராவே எதிரில் வந்தாள். ஜிபாரா டேப்லெட்டை அவள் கையில் திணித்தாள்.

"அக்கா, எர்லான் போட்டு உடைச்சது. வீட்டுல இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடக்கு. வேணும்னா பிள்ளைக்கு எடுத்துட்டுப் போங்க. இல்லேன்னா குப்பையில போடறேன்."

ஜூரா விரிசலைத் தடவினாள். திருப்பி, முதுகில் இருந்த பெயரைத் தடவினாள்.

"பழசுதானே?"

"பார்த்தாலே தெரியலையா?"

"பழசுன்னா சரி." சால்வைக்குள் சுற்றிக்கொண்டு போய்விட்டாள்.

"பிச்சைக்காரிக்குக்கூட இப்படிக் கொடுக்க மாட்டாங்க!" என்று நான் கத்தியே விட்டேன்.

ஜிபாரா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

"உங்ககிட்ட சொல்லலாம். நீங்க வெளியில சொன்னாலும் ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. அது புதுசு. நேத்துத்தான் வாங்கினேன். படமெல்லாம் என் போன்லேருந்து ஏத்தினது."

"அப்ப எதுக்கும்மா இத்தனை கூத்து?"

"அக்கா குணம் தெரியாதா? ஒரு கிண்ணம் சூப் அனுப்பினா, கிண்ணம் நிறைய வெண்ணெயோட திரும்பி வரும். போன குளிர்காலத்துல பிள்ளைக்குப் புது பூட்ஸ் வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் காலையில என் வாசல்ல கிடா நிக்குது, அவங்ககிட்ட இருந்த ஒரே கிடா! இதையும் புதுசுன்னு கொடுத்தா நாளைக்குப் பசுமாடு வந்து நிக்கும். அப்புறம் பிள்ளை பாலுக்கு எங்கே போகும்? பழசுன்னா பதிலுக்கு எதுவும் செய்ய வேண்டியதில்லையே."

அவள் போன பிறகும், வெகுநேரம் நான் ஒரே சாட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாயை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

கடை மூடுகிற வேளைக்கு, என் முன்னாலிருந்த சேணத்தின் மேல் ஒரு கை வந்து பதிந்தது. கட்டைவிரல் முழுக்க நீல மை, காயாத எழுத்தைத் தடவின மாதிரி.

ஜூரா!

"எர்லான் தன் குதிரைக்குக் கயிறைக் கட்டி ஓட்டறான், பெரியவரே. பார்க்கச் சகிக்கலை. நல்ல கடிவாளமா ஒண்ணு கொடுங்க."

இருப்பதிலேயே நல்லதை எடுத்துக் கொடுத்தேன். பளபளவென்று இருந்தது. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினாள். இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள்.

"ஒரு வாரம் உங்க கழுதைக்கு மாட்டி, சேத்துல நல்லாப் புரட்டிக் கொடுங்க. புதுசுன்னு தெரிஞ்சா ஜிபாரா வாங்க மாட்டா."