நாலாவது நடுவர்

லண்டனில் நடந்த சர்வதேச இளையோர் பனிச்சறுக்கு நடனப் போட்டியில், நோர்பரியில் வசிக்கும் குலசேகரத்தின் மகள் மேனுஷா கடைசி இடத்துக்கு வந்தாள். ஆறு வருடமாக அவளை விடியற்காலையில் பயிற்சிக்குக் கொண்டுபோய் விட்ட குலசேகரம், காரணத்தை உடனே கண்டுபிடித்துவிட்டார்.

"துவேசம்," என்றார் மனைவி கௌசியிடம். "நடுவர் எல்லாம் வெள்ளையள். எங்கட நிறத்துக்குப் புள்ளி போடுவினமே?"

"பேசாமல் வாங்கோப்பா. பிள்ளை களைச்சுப்போய் இருக்கிறாள்."

"நோர்பரியில நாலு பேருக்கு நான் முகம் குடுக்க வேணும். எழுதிக் குடுத்திட்டுத்தான் வருவன்."

அலுவலக மேசையில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, முறைப்பாட்டுப் படிவத்தோடு புள்ளித்தாளையும் கொடுத்தாள். எல்லாரையும் விடக் குறைத்துப் போட்டிருந்தது நாலாவது நடுவர்.

"இந்த ஆள்தான்," என்று பல்லைக் கடித்தபடி, பெயர் பார்க்கத் தாளைப் புரட்டினார்.

நாலாவது நடுவர், டென்மார்க்: சிவமலர் இராசரத்தினம்.

குலசேகரம் படிவத்தை மெல்ல மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"வெள்ளையள் பாவம் கௌசி, ஒழுங்காத்தான் போட்டிருக்கினம். எங்கட ஆக்களுக்குத்தான் எங்கட பிள்ளை முன்னுக்கு வாறது பொறுக்காது."

பக்கத்து வாங்கில் உட்கார்ந்து சறுக்குச் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்த மேனுஷா நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா, நான் மூண்டு தரம் விழுந்தனான்."

"நீ சும்மா இரு பிள்ளை. உனக்கு எங்கட சனத்தைப் பற்றி ஒண்டும் தெரியாது."