பட்டாவில் இருந்த பெயர்

"நடுவுல சம்பா, வரப்புல காராமணி, வாய்க்கா ஓரம் முருங்க. நாத்து பதினாலு நாளு."

உதட்டுக்குள்ளேயே இன்னொரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார் சக்கரபாணி. சட்டையில் குத்தியிருந்த அட்டையில் 'சிறந்த விவசாயி' என்று பச்சை எழுத்தில் போட்டிருந்தது.

சாரம் பகுதியில் இருந்த அந்தக் கல்யாண மண்டபம் பத்து மணிக்கே நிறைந்துவிட்டது. 'வயலும் சத்தும்' திட்டத்தின் பாராட்டு விழா. பாகூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியவர், ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த கடையில் இரண்டு வாரத் தாடியை வழித்துவிட்டு நேராக இங்கே வந்திருந்தார். கன்னம் இன்னும் எரிந்தது.

வாசலில் பெயர் பதிந்துகொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். "தனியாவா வந்தீங்க? அம்மா வரலியா? பொம்பளைங்களுக்குப் பின்னாடி ஷெட்டுல சத்துமாவு உருண்டை செஞ்சு காட்டுறாங்களே."

"வரலம்மா."

"எல்லா ஊட்லயும் இதே கததான். அவங்களுக்கு எங்க வேல ஒழியுது!" என்று சிரித்தபடி அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

முன்வரிசை முழுக்க ஆண்கள். பக்கத்தில் இரண்டாம் பரிசு வாங்க வந்திருந்த வில்லியனூர் ஆதிமூலம் உட்கார்ந்திருந்தார். மண் வாசனை போகாத மனிதர், பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் நெருங்கி வந்தார்.

"நாத்து எத்தினி நாள்ல புடுங்கின?"

"பதினாலு."

"குத்துக்கு ஒத்த நாத்தா நட்ட? அப்ப களை கெளம்பியிருக்குமே, இன்னா பண்ணின?"

அது அவர் மனப்பாடம் செய்து வந்திருந்த அழைப்புக் கடிதத்தில் அச்சடித்திருக்கவில்லை. சக்கரபாணி தண்ணீர் பாட்டிலைத் திறந்து மெதுவாகக் குடித்தார். ஆதிமூலத்தின் பார்வை அவர் பாதத்தில் போய் நின்றது. சேறு தின்னாத கால். சக்கரபாணி வேட்டியைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக்கொண்டார்.

அதற்குள் திட்ட அதிகாரி சரிதா மைக்கைப் பிடித்துவிட்டார்.

"நம்ம பெண்கள் பல பேருக்கு ரத்தசோகை. ஆனா சக்கரபாணி ஐயா மாதிரி ஒரு விவசாயி இருந்தா அந்த வீட்ல அந்தக் கவலையே கெடையாது! வயல்லயே கீரை, முருங்கை, பயறு எல்லாம் வெளையுது பாருங்க!"

மண்டபம் கைதட்டியது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

கீரைக்கட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு பெரிய மார்க்கெட்டுக்கு முதல் பஸ் பிடிக்க ஓடும் மனைவி அஞ்சலாட்சிதான் கண்ணுக்குள் வந்தாள். திரும்பி வந்ததும் வயல். எல்லோரும் தின்று முடித்தபிறகு அடிச்சட்டியைச் சுரண்டிக்கொண்டு மூலையில் உட்காருவாள். 'நீ சாப்ட்டியா' என்று இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாளாவது கேட்டோமா என்று யோசித்தார். அப்படி ஒரு நாள் நினைவுக்கு வரவில்லை. அத்தனை கூட்டத்துக்கு நடுவில் ஒற்றையாக விடப்பட்டவர் மாதிரி இருந்தது அவருக்கு.

பெயரைக் கூப்பிட்டார்கள். சால்வை போர்த்தினார்கள். கேடயத்தைக் கையில் கொடுக்க வந்த சரிதா, "எப்படி சாதிச்சீங்க ஐயா, ரெண்டு வார்த்தை சொல்லுங்க," என்று மைக்கை அவர் பக்கம் திருப்பினார்.

மனப்பாடம் செய்ததில் ஒரு சொல்கூட வரவில்லை. கேடயத்தை வாங்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அந்த நெலத்துல நான் ஒரு நாளும் எறங்கினதில்ல மேடம். நான் துணிக்கட வாட்ச்மேன். பட்டா எம்பேர்ல இருக்கு, அவ்ளோதான். வெதச்சது, நட்டது, களையெடுத்தது எல்லாம் என் சம்சாரம் அஞ்சலாட்சி."

முன்வரிசை ஆண்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

"உங்க பயிற்சிக்கு மொதல்ல அவதான் வந்தா. பட்டாதாரர வரச் சொல்லுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. எனக்கு லீவு கெடைக்காதுன்னுட்டேன். அப்பறம் அவளே தெனமும் போயி ஜன்னலாண்ட நின்னு கேட்டுட்டு வந்தா." கேடயத்தைக் கைகாட்டினார். "அதுல அவ பேர எழுதிக் குடுங்க. ஒரே ஒரு தரம் மைக்குல சொல்லுங்க. போதும்."

சரிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"இந்த வருஷத்தோட சிறந்த விவசாயி... பாகூர் அஞ்சலாட்சி!"

ஷெட்டிலிருந்த பெண்கள் சத்தம் கேட்டு, மாவு அப்பிய கையோடு வந்து கதவடியில் நின்று கைதட்டினார்கள். ஆதிமூலம் எழுந்து நின்றே தட்டினார்.

"இத அவங்க கையிலதான் குடுக்கணும். இப்பவே ஜீப் அனுப்பறேன், எல்லாரும் காத்திருக்கோம்!" சரிதா உற்சாகத்தோடு அவர் பக்கம் திரும்பினார். "எங்க ஐயா இருக்காங்க, வயல்லயா?"

சக்கரபாணி மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஒடம்புல ரத்தமே இல்லன்னுட்டாங்க மேடம்... முந்தாநேத்துதான் கருமாதி முடிஞ்சுது."